உட்கார்ந்தே இருந்தால் உடம்பு கெடும் என்று முதலில் சொன்னது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்லிவாக்கத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் வேலை பார்க்கும் தம்பி. கழுத்து வலி. கையில் கட்டியிருக்கும் வாட்ச் மணிக்கொரு தரம் "எழுந்திரு" என்று அதிர்கிறது. எழ முடியாத மீட்டிங்கில் அது அதிர்ந்தால் அன்றைக்கு முழுக்க அவருக்கு மனசே சரியில்லை. இன்னொருவர் ரங்கநாதன் தெருவில் சேலை செக்‌ஷனில் நிற்கும் பெண். செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. "உட்கார்ந்தாதான் சுகர் வரும்னு சொல்றாங்களேக்கா, அப்ப நான் நிக்கிறது நல்லதுதானே?" என்று கேட்டார்.

இரண்டு பேர் காதிலும் விழுந்தது ஒரே பேச்சு. ஒருவரைப் பயமுறுத்தியிருக்கிறது, இன்னொருவருக்குத் தப்பான ஆறுதல் தந்திருக்கிறது. அந்தப் பேச்சு யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது, யார் வழியாக நம்மிடம் வந்தது என்று தெரிந்தால்தான் நமக்கு எது பொருந்தும் என்று பிரித்துப் பார்க்க முடியும். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

உட்கார்ந்தே வேலை செய்தால் நோய் வரும் என்று எப்போதிலிருந்து சொல்கிறார்கள்?

கம்ப்யூட்டருக்கு ரொம்ப முந்தைய பேச்சு இது. 1700-ல் இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறாய்?" என்றும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். தையற்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து முதுகு கூனிப் போவதைப் பார்த்து, விடுமுறை நாளிலாவது உடம்பை அசையுங்கள் என்று எழுதினார்.

ஆனால் இன்று நாம் பேசும் விஷயத்துக்கு அஸ்திவாரம் 1953-ல் லண்டனில் விழுந்தது. ஜெரி மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும் லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரின் உடல்நிலையைக் கவனித்தார்கள். எல்லாரும் 35 முதல் 64 வயது வரையிலான ஆண்கள். லண்டனில் ஓடியவை மாடி பஸ்கள். டிரைவர் வேலை நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ நாளொன்றுக்கு 500 முதல் 750 படி வரை ஏறுவார். அதே பஸ், அதே புகை. ஆனாலும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தாலும் தாமதமாக வந்தது. வந்த வேகத்தில் உயிர் போவதும் குறைவாக இருந்தது. தபால்காரர்களையும் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் அதே மாதிரி தெரிந்தது.

டிரைவர் ஆகிறவர் முதலிலேயே குண்டாக இருந்திருக்கலாமே?

இதைக் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாரிஸே இதைக் கேட்டுக்கொண்டார். ஊழியர்களுக்கு யூனிஃபார்ம் தைக்க எடுத்த அளவுகள் கம்பெனிக் கணக்கில் இருந்தன. அவற்றை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவு கண்டக்டர்களைவிடப் பெரியது, இளைஞர்களாக இருக்கும்போதே! 1956-ல் இதையும் வெளியிட்டார். ஆக, வேலை ஆளை மாற்றியது பாதி, ஆளே அந்த வேலையைத் தேடிப் போனது பாதி என்று இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அமெரிக்கத் துறைமுகச் சுமைதூக்கிகள், கல்லூரியின் பழைய மாணவர்கள் என்று பலரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து வலுவாக்கப்பட்ட கருத்துதான் இன்று நம்மிடம் இருப்பது. ஒரே ஆராய்ச்சியில் பிறந்து நின்றுவிட்டதல்ல.

நம் ஊரோடு ஒட்டிப் பார்க்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றும். எம்டிசி பஸ்ஸில் கண்டக்டர் பல நேரம் பின்வாசல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். நாம் கொடுக்கும் காசு கை மாறிக் கை மாறிப் போய் டிக்கெட்டாகத் திரும்பி வரும். "கண்டக்டர் என்றால் நடக்கிறவர்" என்ற லண்டன் கணக்கை அப்படியே 29சி-யில் ஏற்ற முடியாது. வேலையின் பெயரைப் பார்த்து உடம்பைப் பற்றி முடிவு செய்யக் கூடாது. அந்த வேலையில் கால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது டாக்டர் அசையவே கூடாது என்றாரே?

அந்தக் கால வைத்தியம் அது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். 1952-ல் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து, நல்ல பலன் கிடைப்பதாக எழுதினார்கள். அதாவது அன்றைக்கு உட்காருவதே சிகிச்சை. அடுத்த வருடம் லண்டனில் உட்காருவது நோய்க்குக் காரணம் என்று கட்டுரை வந்தது. இரண்டும் சரிதான். படுத்திருப்பவருக்கு நாற்காலி ஒரு படி மேலே, படியேறுகிறவருக்கு ஒரு படி கீழே.

1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஓடும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் சரிந்தது. அதே ஐந்து பேரையும் முப்பது வருடம் கழித்துத் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் முப்பது வருட முதுமை செய்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்த பெரியவர்களை எழுந்து நடக்கச் சொன்னால் வீட்டார் என்னிடம் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இந்த ஐந்து பேர் கதையைத்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் உட்கார்ந்து பார்க்கிற வேலையைத்தானே பெருமையாக நினைத்தோம்?

ஆமாம், அதில் ஒரு நியாயமும் இருந்தது. "நான்தான் வெயிலில் கெடந்தேன், நீயாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதி" என்று சொல்லாத அப்பா அம்மா நம் பக்கத்தில் உண்டா? களையெடுத்தவர், செங்கல் சுமந்தவர், மீன் கூடை தூக்கி நடந்தவர் எல்லாருக்கும் முட்டியும் முதுகும் நாற்பது வயதில் தேய்ந்துபோனது. பிள்ளைக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்தபோது அந்த ஆசைக்கு ஒரு கட்டடமே வந்தது.

"குந்தித் தின்றால் குன்றும் மாளும்" என்ற பழமொழியை இப்போது சுகர் கேம்ப் பேனரில்கூடப் போடுகிறார்கள். அது சொத்தைப் பற்றிச் சொன்னது. சம்பாதிக்காமல் உட்கார்ந்து தின்றால் மலையளவு சொத்தும் கரையும் என்பதுதான் அதன் பொருள். உடம்பைப் பற்றி அது பேசவே இல்லை. சோம்பேறியைத் திட்டும் பழமொழியை எடுத்து நோயாளி மேல் ஒட்டும்போது, அவர் ஏற்கெனவே சுமக்கிற வலியோடு குற்றவுணர்ச்சியும் சேர்கிறது. பத்து மணி நேரம் சிஸ்டம் முன்னால் உட்காரும் தம்பி சோம்பேறி இல்லை. அவருக்கு வேலை அப்படி.

ஒரு நாளைக்கு 10,000 காலடி நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அந்த எண் எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்றது. அதன் பெயர் "மான்போ கெய்", அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். சொல்வதற்கு வசதியான எண் என்பதால் உலகம் முழுக்கப் பரவியது, இன்று எல்லா வாட்ச்சிலும் இருக்கிறது.

2019-ல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான பெண்கள் 16,741 பேரை வைத்து வந்த ஆராய்ச்சியில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்கள் இறப்பது தெளிவாகக் குறைவாக இருந்தது. அப்படியே குறைந்துகொண்டே போய், 7,500 அடியை ஒட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்ததால் அவர்களிடம் கூடுதல் பலன் தெரியவில்லை. என் கிளினிக்குக்கு வரும் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் முகமே மலர்ந்துவிடும்.

உட்காருவது சிகரெட் பிடிப்பதற்குச் சமமா?

கிடையவே கிடையாது. அமெரிக்காவில் பிறந்த வாசகம் அது, கேட்டதும் மனசில் ஒட்டிக்கொள்வதால் ஓடுகிறது. 2018-ல் சில ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அளவுக்கு மீறி உட்காருவதால் அகால மரண ஆபத்து சுமார் 25 சதவீதம் கூடுகிறது. புகைப்பதால் சுமார் 180 சதவீதம். பீடி பிடிக்கிற ஒருவர் "உட்காருவதும் அதுவும் ஒண்ணுதானாமே" என்று என்னிடம் சொன்னார். இந்த வாசகத்தால் விளையும் தீமை இதுதான்.

காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அப்புறம் நாள் முழுக்க உட்காரலாமா?

2016-ல் பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவலைத் திரட்டிப் பார்த்த ஆய்வில், தினம் 60 முதல் 75 நிமிடம் ஓரளவு வேகமாக உடம்பை அசைத்தவர்களுக்கு, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் வரும் மரண ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆகவே நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒரு மணி நேரம் சுற்றி வருகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம், பேச்சுக்காகச் சுற்றாமல் கொஞ்சம் மூச்சு வாங்கச் சுற்றினால்.

ஆனால் அவ்வளவு நேரம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்கிறது. முன்பெல்லாம் "ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு" என்று இருந்தது. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ரயில்வே மேம்பாலத்தில் ஏறிய மூன்று நிமிடமும் இப்போது கணக்கில் சேரும்.

சுகர் இருப்பவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு எழுவது தனியாக உதவும். தசை சுருங்கும்போது இன்சுலின் தள்ளாமலேயே ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடல் பருமனான சிலரை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பி, இரண்டே இரண்டு நிமிடம் மெதுவாக நடக்க வைத்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சுமார் கால் பங்கு குறைந்தது. இதை 2012-ல் பார்த்தார்கள். ஓஎம்ஆர் தம்பிக்கு நான் சொன்னதும் இதுதான். வாட்ச்சைக் கழற்றி வையுங்கள், மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீன் டேபிளிலேயே போனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் படியில் இறங்கி ஏறி வாருங்கள்.

நடந்தால் போதும், சாப்பாட்டைக் கவனிக்க வேண்டாம் என்கிறார்களே?

யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். 2015-ல் அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானிகள் அமைப்பு, உடல் பருமன் விஷயத்தில் உணவைப் பற்றியே பேசுகிறோம், உடற்பயிற்சிக் குறைவை மறந்துவிட்டோம் என்று பிரசாரம் செய்தது. அதற்குப் பின்னால் கோகோ கோலா நிறுவனத்தின் பணம் இருந்தது நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை மூலம் வெளியே வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அமைப்பையே கலைத்தார்கள். "நீ அசையாமல் இருக்கிறாய், அதுதான் தப்பு" என்று எல்லாப் பழியையும் நாற்காலி மேல் போட்டால் கோலா பாட்டில் தப்பித்துவிடும்.

நம் ஊரிலேயே செய்த ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சர்க்கரை நோயின் விளிம்பிலிருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சேர்த்து மாற்றியவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் தனியாகப் பெரிய லாபம் இல்லை. சோறும் காலும் சேர்ந்துதான் அந்தப் பலனைக் கொடுத்தன.

வீட்டு வேலை எக்ஸர்சைஸ் ஆகுமா?

ஆகும். துணி துவைப்பது, தண்ணீர்க் குடம் தூக்கி மாடியேறுவது எல்லாமே உடலுழைப்புதான். ஆனால் வீட்டு வேலையே கதி என்று இருப்பவருக்கு உடற்பயிற்சியோடு ஓய்வும் தேவை. "நீ வீட்டிலதானே இருக்க, நடக்கலாமே" என்று சொல்லும் கணவன்மார்களிடம், முதலில் ஒரு வேளை பாத்திரத்தை நீங்கள் தேயுங்கள் என்று நேராகவே சொல்லியிருக்கிறேன்.

தரையில் சம்மணமிட்டு உட்காருவது நல்லதா?

முட்டி ஒத்துழைக்கும் வரை நல்லது. தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களும் ஒரு நாளில் ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓய்வாகவே இருக்கிறார்கள் என்று 2020-ல் ஒரு ஆய்வு வந்தது. நம்மைப் போலவேதான். ஆனால் அவர்கள் குந்தியும் மண்டியிட்டும் இருப்பதால் அப்போதும் கால் தசை கொஞ்சம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டியிருக்கும். அப்படி எழுந்திருப்பதில்தான் எனக்கு அக்கறை.

சென்னையில் உண்மையில் என்ன நடந்தது?

சென்னையில் பெரியவர்களிடையே சர்க்கரை நோய் 1989-ல் 8.3 சதவீதம். 1995-ல் 11.6, 2000-ல் 13.5, 2004-ல் 14.3. பதினைந்து வருடத்தில் இப்படி. தமிழ்நாடு உட்பட நாட்டின் நான்கு பகுதிகளில் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில் பாதிப் பேருக்கு மேல், 54.4 சதவீதம், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. நகரத்தில் 65. பொழுதுபோக்குக்காக விளையாடுவதோ நடப்பதோ பத்தில் ஒருவர்கூட இல்லை.

இந்த எண்களைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இரண்டு குடியிருப்புகளின் கதை. 1990களின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகனின் குழு திருமங்கலம் ஆசியாட் காலனியில் நடுத்தர வர்க்கத்தினரையும், தி.நகரில் குறைந்த வருமானக் குடும்பங்களையும் சோதித்தது. திருமங்கலத்தில் சர்க்கரை 12.4 சதவீதம், தி.நகரில் 6.5. விவரம் தெரிந்ததும் ஆசியாட் காலனிக்காரர்கள் தாங்களே பணம் போட்டுப் பூங்கா கட்டினார்கள். ஒழுங்காக உடற்பயிற்சி செய்பவர்கள் அங்கே 14.2 சதவீதத்திலிருந்து 58.7 ஆனார்கள். எவ்வளவு பெரிய விஷயம்! பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது திருமங்கலத்தில் சர்க்கரை 15.4-ல் இருந்தது, தி.நகரிலோ 15.3-க்கு ஏறியிருந்தது. பாதியாக இருந்தவர்கள் சரிக்குச் சமமாக வந்துவிட்டார்கள்.

பூங்கா மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சாப்பாடு, சோதனை, மருந்து எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆனாலும் "சுகர் பணக்கார வியாதி" என்று இன்னும் யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. பூங்கா கட்ட இடமும் காசும் உள்ளவர்கள் தப்பிக்க ஒரு வழி கண்டார்கள். மற்றவர்களுக்கு யார் கட்டுவது?

நடக்கச் சொல்கிறீர்கள், எங்கே நடப்பது?

மெரினா, பெசன்ட் நகர், அண்ணா நகர் டவர் பார்க் பக்கத்தில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2014-லேயே மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதை விரிந்தது. 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் பாதையை அரசு தொடங்கியது. நல்ல காரியங்கள். ஆனால் என் கிளினிக்கிலிருந்து பஸ் ஸ்டாப் வரை உள்ள பிளாட்பாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர், நிறுத்தி வைத்த வண்டிகள், ஒரு இடத்தில் திறந்த மழைநீர் வடிகால். முட்டி ஆபரேஷன் ஆன ஒரு அம்மாவை அதில் நடங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மொட்டை மாடியில் நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

நின்றே வேலை பார்க்கிறேன். அப்போது எனக்கு ஆபத்து இல்லையா?

ரங்கநாதன் தெருப் பெண் கேட்ட கேள்வி. இருக்கிறது. அசையாமல் நிற்பது நடப்பதாகாது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலிலிருக்கும் ரத்தம் மேலே ஏறும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி, நரம்பு புடைத்து, தோல் கறுத்து, கடைசியில் ஆறாத புண் வரைக்கும் போகும். "உட்காராதே" என்ற அறிவுரை நாற்காலியில் இருப்பவர்களை மனதில் வைத்துச் சொன்னது. நாற்காலியே தரப்படாதவர்களை அதில் யாரும் நினைக்கவில்லை.

கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் நின்ற பெண்கள் பல வருடம் போராடி, 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லா ஊழியருக்கும் பொருத்தமான இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்கிறது அது.

அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்கள். வீட்டுக்குப் போனதும் சுவரில் காலை ஏற்றி வைத்துக் கால் மணி நேரம் படுங்கள். ரத்தநாள டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவில் இறுக்கமான சாக்ஸ் போடுங்கள். காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். சுகர் டெஸ்ட் தனியாக எடுங்கள். நிற்பது அதைத் தடுக்காது.

அடுத்த மாதம் வந்தபோது வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். "போட்டிருக்காங்கக்கா. அது மேல சேலைப் பெட்டி அடுக்கியிருக்காங்க. எடுத்தா சூபர்வைசர் என்ன சொல்வாரோன்னு பயமா இருக்கு" என்றார். 22-ஏ பிரிவில் உள்ளதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை அவரோடு சேர்ந்து கடைக்குப் போய், அந்தப் பெட்டிகளை இறக்கி வைக்கச் சொல்லிப் பேசப் போகிறேன்.